எண்பதில் ஆடும் ஸ்டியரிங்

கொல்கத்தாவின் பெஹாலாவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு எண்பது என்பது ஸ்பீடாமீட்டரில் அச்சடித்திருக்கும் ஓர் எண், அவ்வளவுதான். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவும் மீன்கூடை கட்டிய சைக்கிளும் போக மிச்சமிருக்கும் இடத்தில் முள் முப்பதைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு ஏதோ பந்த் என்று அர்த்தம். நான் பதினோரு வருடமாக அந்த ரோட்டில்தான் ஓட்டுகிறேன். வேலை பார்க்கும் வங்கிக்குப் போவேன், மார்க்கெட்டுக்குப் போவேன், வழியில் நாலு பேரைத் திட்டுவேன், வீட்டுக்கு வந்துவிடுவேன். அதனால் எங்கள் காரில் ஒரு கோளாறு இருந்ததே போன குளிர்காலத்தில் இரண்டரை மாதம் எனக்குத் தெரியாமல் போயிற்று. அது எண்பதுக்கு மேல் போனால் மட்டும் தலைகாட்டும் கோளாறு. எங்கள் வீட்டில் எண்பதுக்கு மேல் போகிறவர் என் கணவர் ஒருவர்தான்.

அவருக்கும் அதற்கு இருப்பது ஒரே சாலை, கரக்பூர் சாலை. அவர் பிறந்து வளர்ந்தது அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். இப்போது அங்கே இருப்பது அவருடைய அக்கா மட்டும்தான், எனக்கு மதினி. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. காலையில் கிளம்பி, ஹூக்ளிப் பாலம் ஏறி இறங்கி, கோனா எக்ஸ்பிரஸ்வேயைப் பிடித்து ஹைவேக்கு வந்துவிட்டால் மனுஷர் வேறு ஆளாகிவிடுவார். வீட்டில் வாயைத் திறக்கக் கூலி கேட்கிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கதை முழுவதும் சொல்வார். மத்தியானம் மதினி வைத்த சொதி இருக்கும். இந்த ஊர்க்காரர்களைப் போலவே மதினியும் எதில் பார்த்தாலும் இரண்டு பங்கு உருளைக்கிழங்கு போட்டிருப்பார். நாங்கள் அதைக் கிண்டல் செய்துகொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிடுவோம்.

துர்கா பூஜை முடிந்து முதல் தடவை கிளம்பியபோதுதான் நான் அதைக் கவனித்தேன். ஹைவேயில் ஏறியதும் ஒரு தடவை வேகம் பிடித்தவர், உடனே குறைத்துவிட்டு, ரோடு காலியாகக் கிடக்க அறுபத்தைந்திலேயே உருட்டிக்கொண்டு போனார். மணல் லாரிகள் ஹார்ன் அடித்து எங்களைத் தாண்டிப் போயின.

"என்னங்க, கார் ஓட்றீங்களா, சாமி ஊர்வலம் கூட்டிட்டுப் போறீங்களா?"

"பெட்ரோல் மிச்சம்" என்றார்.

அன்று ஆபீஸ் கதை எதுவும் வரவில்லை. அதற்கடுத்த முறை ஆபீஸில் இன்ஸ்பெக்ஷன் என்றார். அடுத்த முறை பனிமூட்டமாக இருக்கும் என்றார். அதற்கும் அடுத்த முறை சளி. எல்லாம் கரக்பூர் போகாமல் இருக்க உப்புச்சப்பில்லாத காரணங்கள். நான் வேலைச் சுமையில் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது வேறொன்று. இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்த பீரோவில், லாக்கர் சாவி எங்கே, ஃப்ளாட் பத்திரம் எந்த ஃபைலில் என்று தினம் ஒரு பாடம் நடத்த ஆரம்பித்திருந்தார். வங்கியில் வேலை செய்கிறவளிடம்! "நீ ஹைவேல ஓட்டப் பழகணும்" என்று வேறு நச்சரிப்பு. எதற்கு என்று கேட்டால், "சும்மாதான், தெரிஞ்சு வச்சுக்கோ" என்பார்.

ஜனவரி தொடக்கத்தில் மதினி எனக்கு போன் செய்தார்.

"ஏம்மா, அவன் என்மேல கோவமா இருக்கானா? நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா?"

"அய்யோ மதினி, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆபீஸ் வேலை."

"ரெண்டு மாசமா வரல. போன்ல பேசினாலும் நல்லாயிருக்கேன்னு சொல்லிட்டு வச்சிடறான். நல்லா இருக்கவன் அப்படியா பேசுவான்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூடப் பிறந்தவர் அந்த ஒருவர்தான், அவரைப் போய் இப்படி ஏங்க விடலாமா? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இதை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு குளிக்கப் போனேன். துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவள் பின்பக்க பால்கனியில் அவரைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அவற்றின்மேல் செய்தித்தாளின் ஒரு தாளைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன, பேப்பருக்கு வெயில் காட்றீங்களா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தாள் நழுவிக் கீழே விழுந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் அந்தச் சோதனையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ரயில்வே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் மாமனாரின் கைகள்மேல் அப்படித்தான் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. கல்யாணமாகி நான் வந்தபோதே மாமனாருக்குக் கை நடுக்கம் இருந்தது. பிறகு தட்டைப் பிடிக்க முடியாமல் போயிற்று, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போயிற்று. கடைசி ஆறு வருடம் மதினிதான் ஊட்டிவிட்டார். அந்த நடுக்கம் அவருக்குத் தொடங்கியது ஐம்பத்தாறு வயதில். என் கணவருக்கு அப்போது ஐம்பத்தாறு.

நான் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் பூசி மெழுகிப் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார்.

"ஸ்டியரிங் ஆடுது. எம்பதுக்கு மேல போனா ஆடுது. ஸ்டியரிங் ஆடுதா, என் கை ஆடுதான்னு எனக்குத் தெரியல."

"எம்பதுக்கு மேல போனா மட்டும் ஆடுறதுக்கு உங்க கைக்கு ஸ்பீடாமீட்டர் பாக்கத் தெரியுமா?"

"நீ சிரிக்காதே. அப்பாவுக்கும் முதல்ல எப்பவும் ஆடல. யாராவது பாத்தா ஆடும், அவசரம்னா ஆடும். எனக்கு எம்பதைத் தாண்டினா உள்ள ஒரு பயம் வருது. பயந்து கை ஆடுதா, கை ஆடறதால பயம் வருதான்னு புரியல. வீட்டுல தினம் பேப்பர் வச்சுப் பாக்கறேன். சில நாள் ஆடற மாதிரி இருக்கு, சில நாள் இல்ல."

"வண்டியை மெக்கானிக்கிட்ட காட்ட வேண்டியதுதானே? ரெண்டரை மாசமா என்ன பண்ணீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வண்டியில ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டான்னா?"

ஒரு டயர் கடைக்காரரின் வாயிலிருந்து தன் தலையெழுத்தைக் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்து இந்த மனுஷர் எழுபது எண்பது நாள் கடையையே தவிர்த்திருக்கிறார். மதினி வீட்டுக்கு ஏன் போகவில்லை என்பதும் எனக்கு அப்போது புரிந்தது. அப்பாவின் கையைப் பத்து வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர் தம்பியின் கையை ஒரு தடவை பார்த்தால் போதும், கண்டுபிடித்துவிடுவார். பீரோவும் லாக்கர் சாவியும் ஃப்ளாட் பத்திரமும் எதற்கு என்பதும் புரிந்தது. நான் அவற்றுக்கெல்லாம் அவரிடம் எரிந்து விழுந்திருந்தேன்.

எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபமாகத்தான் வெளியே வரும். "சாவியைக் கொடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான் ஓட்றேன். என் கையில ஆடினா வண்டி. ஆடலன்னா அப்பறம் பாத்துக்கலாம். இதுக்கு ஒரு மெக்கானிக் வேணுமா?"

சொல்லும்போது எளிதாக இருந்தது. பாலத்தைத் தாண்டும்போதே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹைவேயில் நான் அதுவரை ஓட்டியதே இல்லை. பக்கத்தில் ஒரு லாரி வந்தாலே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் இடதுபுறம் உட்கார்ந்து, "லேன்ல இரு, கண்ணாடி பாரு, ஒண்ணும் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பயப்பட வேண்டியவர் அவர், தைரியம் சொன்னவரும் அவர். டோல் கேட் தாண்டி ரோடு விரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

"அறுபது" என்று படித்தார் அவர்.

"ஒண்ணும் இல்ல."

"எழுபது."

"ஒண்ணும் இல்லங்க."

எழுபத்தைந்திலும் ஒன்றுமில்லை. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் முள்ளைப் பார்க்கவில்லை, தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு, ஆடித் தொலை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரிடம் கெஞ்சினேன்.

எண்பத்திரண்டில் ஆடியது. முதலில் உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு. எண்பத்தைந்தில் நடுக்கம் மணிக்கட்டுக்கு ஏறியது. தொண்ணூறில் கைவளையல்கள் கிணுகிணுக்க ஆரம்பித்தன.

"ஆடுது!" என்று கத்தினேன். "ஆடுதுங்க! நல்லா ஆடுது! எவ்வளவு அழகா ஆடுது பாருங்க!"

அவர் கையை நீட்டி ஸ்டியரிங்கின் ஓரத்தைத் தொட்டார். என் கையும் அவர் கையும் சேர்ந்து ஆடின. தொண்ணூற்றைந்துக்கு மேல் கொஞ்சம் அடங்கியது. வேகத்தைக் குறைத்தபோது எண்பதுக்குக் கீழே வந்ததும் யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் நின்றுவிட்டது. மறுபடி ஏற்றினேன், மறுபடி ஆடியது. காரின் ஸ்டியரிங் ஆடுவதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பிளை அந்த ஹைவேயில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினோம். அவர் இறங்கி, கடைக்குப் பின்பக்கம் போய் முகம் கழுவினார். அழுதார் என்று நான் சொல்லவில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் முழுவதும் அந்த முகத்துக்கே செலவாயிற்று, அவ்வளவுதான் சொல்வேன். நான் மண்குவளையில் டீயை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தவர் குவளையை ஒரே கையால் வாங்கினார். அந்த இரண்டரை மாதமும் எதை வாங்கினாலும் இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் மாலை பெஹாலாவிலேயே ஒரு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஐம்பது வயதுப் பெங்காலி, பேச்சு குறைவு. இப்போது என் கணவர் குஷியாக இருந்ததால் நோய்க்குறிகளை அவரே ஒப்பித்தார். கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். பிரேக் பிடிக்கும்போது ஆடுகிறதா? இல்லை. சீட் ஆடுகிறதா? இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? இல்லை. எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்து வரை ஸ்டியரிங் மட்டும் ஆடுகிறது, இல்லையா? ஆமாம். "அப்போ முன் சக்கரம்" என்றார். பின் சக்கரமாக இருந்தால் சீட்டில் தெரியும், பிரேக் தட்டாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது தெரியும் என்று விளக்கினார். முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினார். ஒன்றை மெஷினில் மாட்டுவதற்கு முன் உருட்டிப் பார்த்தவர் குனிந்து ரிம்முக்குள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு அடுத்த சக்கரத்தையும் தடவினார்.

"பௌதி," அதாவது அண்ணி, என்று என்னைத்தான் கூப்பிட்டார், "வெயிட் கோத்தாய் கேலோ?"

வெயிட் எங்கே போயிற்று என்று கேட்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறம், விரல் நகம் அளவு, பின்னால் பசை. சக்கரம் ஒரு பக்கம் கனமாக இருந்தால் அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கத்தில் இதை ஒட்டுவார்களாம். அது இல்லாமல் போனால் மெதுவாகப் போகிறவரை தெரியாது, வேகம் கூடினால் சக்கரம் துள்ளும், ஸ்டியரிங் ஆடும். பின் சக்கரம் இரண்டிலும் இருக்கிறது, முன்னால் இரண்டிலும் பசைத் தழும்பு மட்டும்தான் இருக்கிறது, யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்றார்.

நான் அந்தச் சாம்பல் துண்டைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த முகம்.

ஆயுதபூஜை. எங்கள் ஆயுதபூஜை இங்கே துர்கா பூஜையின் நவமியன்று வருகிறது. கார் கழுவுகிற ஆள் அந்த நாலு நாளும் வரமாட்டார். இவர் எங்கள் குடியிருப்புப் பூஜைப் பந்தலில் கிச்சடிப் பிரசாதம் பரிமாறப் போய்விட்டார். நல்ல நேரத்துக்குள் சந்தனம் குங்குமம் வைத்துவிட வேண்டும் என்று நானே முக்காலி போட்டு உட்கார்ந்து, குத்துவிளக்குக்கு வைத்திருந்த புளியாலும் தேங்காய் நாராலும் சக்கரத்தைத் தேய்த்தேன். ரிம்முக்குள்ளே வரிசையாக ஏதோ அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ரோட்டுத் தாரோ, எந்தக் குழந்தையாவது ஒட்டிய சூயிங்கமோ என்று நினைத்துக்கொண்டேன். அம்பாளுக்கு முன்னால் இதோடு நிறுத்துவதா? மாடிக்குப் போய்ப் பழைய தோசைத் திருப்பியை எடுத்துவந்து ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். முன் சக்கரம் இரண்டும் முடிந்தபோது நேரமாகிவிட்டது, பின் சக்கரத்துக்குத் தண்ணீர் ஊற்றியதோடு சரி. பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கற்பூரம் காட்டினேன். இவர் வந்து பார்த்து, "பளபளன்னு இருக்கே" என்று மெச்சினார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் கணவரின் முகத்தைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான்தாங்க" என்றேன். "ஆயுதபூஜைக்கு நான்தான் எடுத்தேன். தோசைத் திருப்பியால."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். கடைக்காரருக்குப் பெங்காலியில் சொன்னார். தோசைத் திருப்பிக்குப் பெங்காலி தெரியாமல் கையால் தோசை திருப்பிக் காட்டினார். பேச்சு குறைவான அந்த மனிதரும் டயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டரை மாசம்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. அதனாலேயே எனக்குத் தாங்கவில்லை. அழுக்கு என்று நான் சுரண்டிப் போட்டதற்கு இவர் ஒவ்வொரு காலையும் பால்கனியில் நின்று கணக்குத் தீர்த்திருக்கிறார்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"சாமிக்குத்தானே செஞ்சே" என்றார்.

மெஷினில் சுழற்றிப் புது வெயிட் ஒட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு கரக்பூருக்குப் போனோம். தொண்ணூறில் ஸ்டியரிங் அசையவில்லை. ஆபீஸ் கதையெல்லாம் மொத்தமாக வந்தது. மதினி வாசலிலேயே தம்பியின் காதைப் பிடித்துத் திருகினார். சாப்பிடும்போது மதினியின் கண் அவர் கைமேலேயே இருந்ததை நான் பார்த்தேன். மதினி கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அவர் சொன்னார், "வியாழக்கிழமை சாயங்காலம் லீவு போடு. சால்ட் லேக்ல நரம்பு டாக்டர்கிட்ட டிசம்பர்லயே பேர் கொடுத்து வச்சிருந்தேன்."

"இப்ப எதுக்கு அது? வண்டிதான்னு தெரிஞ்சுபோச்சே, கேன்சல் பண்ணுங்க."

"வண்டி ஆடிச்சுன்னு தெரிஞ்சுது. என் கை ஆடலன்னு இன்னும் யாரும் சொல்லலியே."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். டயர் கடைக்குப் போகப் பயந்தவர் இப்போது டாக்டரிடம் போகத் தயாராகிவிட்டார். ஆனால் அந்த நாலு நாளும் நான் நானாக இல்லை. அதுவரை எல்லாம் காரின் தலையில் விழுந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தவள், அவர் டீ ஆற்றும்போது கையைப் பார்த்தேன், கையெழுத்துப் போடும்போது பார்த்தேன், தூங்கும்போதுகூடப் பார்த்தேன். இரண்டரை மாதம் அவர் தன் கையைப் பார்த்த பார்வை இப்போது எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

டாக்டர் நடுவயதுப் பெண். அப்பாவின் கதையைக் கேட்டார். நடக்கச் சொன்னார், விரலையும் கட்டைவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் சுருள் சுருளாக வட்டம் போடச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக, "இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், விரல்களை விரியுங்கள்" என்றார்.

அவர் நீட்டினார். நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அசைவில்லாமல் நின்றன. டாக்டர் அவற்றைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். சிரித்தார்.

"இவருக்கு ஒன்றும் இல்லை" என்றார். "உங்களுக்குத்தான் நடுங்குகிறது."

குனிந்து பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும் என்னையறியாமல் இரண்டு கையையும் நீட்டியிருந்தேன். பத்து விரலும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. மடக்கிக்கொள்ளவும் தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். நாலு பேர் எதிரில் என் பக்கத்தில் நெருங்கிக்கூட உட்காராத மனுஷர், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவை நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை அவர் விடவில்லை.